உருவின் அளவும் உயிரின் வாழ்வும்

பிள்ளையார் கோயிலுக்குச் சென்று வணங்குவோர், யானைமுகப் பெருமானின் திருமுன்னர் மூஞ்சூறு ஒன்று அடங்கி அமர்ந்திருப்பதைக் காண்பர். இன்று நிலத்தில் வாழும் விலங்குகளுள் மிகப் பெரியது யானை. பாலூட்டும் உயிர்களுள் மிகச் சிறியவற்றைத் தன்னகத்தே கொண்டது மூஞ்சூற்றினம். இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்த சிற்பியின் கருத்து யாதாயினும் ஆகுக. இயற்கையை ஆராயும் மாணவனுக்கு அக்காட்சி ஒரு வினாவை எழுப்புகின்றது. மூஞ்சூற்றை அதன் வடிவம் சிறிதும் மாறாமல் யானையின் அளவிற்குப் பெருக்கினால், அஃது உயிர் வாழுமா? யானையை மூஞ்சூற்றின் அளவிற்குச் சுருக்கினால், அது பிழைக்குமா?

கதைகளில் இத்தகைய மாற்றங்கள் எளிதில் நிகழ்கின்றன. மலையளவு உயர்ந்த பூதங்களையும், கட்டைவிரல் அளவே உள்ள குள்ளர்களையும் நாம் இளமையிலேயே கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். ஆனால், இயற்கை இம்மாற்றத்திற்கு இசைவதில்லை. பெருக்கிய மூஞ்சூறு எழுந்து நிற்கவும் மாட்டாது. சுருக்கிய யானை குளிரினால் விறைத்துவிடும். இதன் காரணத்தை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் உயிர்களை அவை பெற்றுள்ள அறிவின் வகையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஆறாகப் பகுத்தனர். உயிர்களைப் பகுத்து நோக்குவதற்கு இன்னும் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, அவற்றின் உருவ அளவைக் கொண்டு நோக்குவது. இவ்வாறு நோக்குங்கால், ஓர் உயிர் எத்துணை உண்ண வேண்டும், எங்ஙனம் மூச்சுவிட வேண்டும், அதன் நெஞ்சு எத்துணை விரைவாகத் துடிக்க வேண்டும் என்பனவற்றுள் பலவும் அதன் அளவைப் பொறுத்தே அமைகின்றன என்பது விளங்கும்.

இவ்வுண்மைக்கு அடிப்படை, நீங்கள் கணக்குப் பாடத்தில் கற்ற ஒரு சிறு செய்தியே. வெல்லக் கட்டி ஒன்று எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ளதாக இருக்கின்றது எனக் கொள்வோம். அதற்கு ஆறு முகங்கள் உண்டு. ஆகவே, அதன் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதன் கன அளவு 1 கன சென்டிமீட்டர். இனி, பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள மற்றொரு கட்டியைக் கொள்வோம். அதன் புறப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். கன அளவோ 1,000 கன சென்டிமீட்டர். பக்கம் பத்து மடங்காயிற்று. பரப்பு நூறு மடங்காயிற்று. கன அளவும் அதனோடு எடையும் ஆயிரம் மடங்காயின. சிறு கட்டியில் ஒரு பங்கு வெல்லத்திற்கு ஆறு பங்கு பரப்பு இருந்தது. பெருங்கட்டியிலோ அரைப் பங்கிற்குச் சற்று மிகுதியான பரப்பே உள்ளது. உருவம் வளருந்தோறும் உள்ளீடு விரைந்து வளர்கின்றது, புறப்பரப்பு பின்தங்கிவிடுகின்றது.

நம் வீட்டு அடுக்களை இதனை நாள்தோறும் மெய்ப்பிக்கின்றது. பெரிய வெல்லக் கட்டியை நீரிலிட்டால் அது கரைய நெடுநேரம் ஆகும்; அதனையே தட்டிப் பொடியாக்கி இட்டால் விரைவில் கரைந்துவிடும். அண்டாவில் வடித்த சோறு பந்தி முடியும் வரை சூடு குறையாமல் இருக்கும். அதே சோற்றை இலையில் பரப்பினால் சிறிது நேரத்தில் ஆறிவிடும். வெல்லத்தின் சுவையும் சோற்றின் தன்மையும் மாறவில்லை. பரப்பிற்கும் பொருளுக்கும் உள்ள விகிதமே மாறிற்று. உயிர்களின் உடலும் இவ்விதிக்கு உட்பட்டதே.

இவ்வுண்மையைத் தெளிவுற எடுத்துரைத்தவர் இத்தாலிய நாட்டு அறிஞராகிய கலிலியோ. 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலொன்றில், விலங்குகளின் எலும்பைப் பற்றி அவர் ஆராய்ந்துள்ளார். உடலின் எடையைத் தாங்குவது எலும்பு. அதன் வலிமை அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. ஒரு விலங்கின் உயரம் பத்து மடங்கானால், எலும்பின் வலிமை நூறு மடங்கே ஆகும். அது தாங்க வேண்டிய சுமையோ ஆயிரம் மடங்காகிவிடும். ஆகவே, பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கின் எலும்பைப் போன்ற வடிவினதாய் இருத்தல் இயலாது. நீளத்தை நோக்கப் பருமன் மிக வேண்டும். இல்லையேல் அது தன் எடையாலேயே முறிந்துவிடும். கதைகளில் வரும் பூதம், மனிதனின் வடிவிலேயே பத்து மடங்கு உயர்ந்து நிற்குமாயின், அது முதலடி எடுத்து வைக்கும்போதே தன் கால் எலும்பை முறித்துக்கொள்ளும்!

யானையின் கால்களை உற்று நோக்குங்கள். அவை மண்டபத்துத் தூண்களைப் போல நேராக ஊன்றியிருக்கின்றன. எலியோ முழங்கால்களை மடக்கிப் பதுங்கியவாறு நிற்கும். மடங்கிய கால் பாய்வதற்கு ஏற்றது. ஆனால், பெருஞ்சுமையைத் தாங்குவதற்கு ஏலாது. நேராக ஊன்றிய கால் சுமையைத் தாங்கும். ஆனால், துள்ளிக் குதிக்க உதவாது. ஆகவேதான் யானை எத்துணை விரைந்து ஓடினும், நான்கு கால்களையும் ஒருசேர நிலத்தினின்றும் எடுப்பதில்லை. பனைமரத்தின் உச்சியினின்றும் விழுந்த எறும்பு ஒன்றும் நேராததுபோல் எழுந்து ஊர்ந்து செல்கின்றது. அதன் எடையை நோக்க அதன் பரப்பு மிகுதி. ஆதலின் காற்றே அதனைத் தாங்கி இறக்கிவிடுகின்றது. யானைக்கோ ஒரு சிறு பள்ளமும் பேரிடராய் முடியும். பெருமைக்கு இயற்கை கேட்கும் விலை இது.

அவ்வாறாயின், யானையினும் பெரிய உயிர் இருத்தல் கூடாதோ எனின், கூடும். ஆனால், அதன் சுமையைப் பிறிதொன்று தாங்க வேண்டும். கடலில் வாழும் நீலத் திமிங்கிலம் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும், 150 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையதாக வளரும். முப்பது யானைகளைச் சேர்த்து நிறுத்தாலன்றி அதற்கு ஈடாகாது. அப்பேருடலைக் கடல்நீரே ஏந்தி நிற்கின்றது. அலையால் ஒதுக்கப்பட்டுக் கரையில் கிடக்கும் திமிங்கிலம், காற்று நிறைந்த இடத்திலேயே தன் உடலின் எடையால் நுரையீரல் அழுந்தி மூச்சுவிட இடர்ப்படும். உடலின் வெப்பம் வெளியேற வழியின்றி வருந்தும். தாங்குவார் இல்லாத பெருமை தனக்கே பகையாதல் காண்க.

இனி, உணவையும் வெப்பத்தையும் பற்றிக் காண்போம். பாலூட்டிகளும் பறவைகளும் தம் உடலை எப்போதும் சூடாக வைத்துக்கொள்ள வேண்டியவை. வெப்பம் உள்ளே பிறந்து தோலின் வழியே வெளியேறுகின்றது. சிறிய உடலுக்கு எடையை நோக்கத் தோற்பரப்பு மிகுதி. ஆதலின் இலையில் இட்ட சோற்றைப் போல அது விரைவில் வெப்பத்தை இழக்கின்றது. அவ்விழப்பை ஈடுசெய்ய அஃது ஓயாமல் உண்ண வேண்டும். நம் வீடுகளில் திரியும் மூஞ்சூற்றின் இனத்தைச் சார்ந்த ஒரு சிற்றுயிர் தென் ஐரோப்பா முதல் ஆசியா வரை காணப்படுகின்றது. அதன் எடை ஏறத்தாழ 2 கிராமே. அச்சிற்றுயிர் நாள்தோறும் தன் எடையினும் மிகுதியான உணவை உட்கொள்கின்றது; சில மணி நேரம் இரை கிடைக்காவிடின் அதன் உயிருக்கே இடர் நேரும். உண்ணும் பொருட்டு வாழ்கின்றதோ, வாழும் பொருட்டு உண்கின்றதோ எனப் பிரித்தறிய இயலாத வாழ்வு அது!

யானைக்கு நேரும் துன்பம் இதற்கு நேர்மாறானது. அதன் பேருடலில் பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. அகன்ற மெல்லிய காதுகளே அதற்கு உதவுகின்றன. அவற்றில் பரந்துள்ள நாளங்களின் வழியே ஓடும் குருதி, காதுகள் அசையுந்தோறும் குளிர்ந்து உடலுக்குத் திரும்புகின்றது. யானை காதுகளை வீசுவது அழகிற்காக மட்டும் அன்று. அது தான் சுமந்து திரியும் விசிறியுமாகும். நீரைக் கண்டவிடத்து அது விரும்பி ஆடுவதற்கும் உடல் வெப்பம் ஒரு காரணம்.

உருவிற்கும் உணவிற்கும் உள்ள தொடர்பை அளந்து காண முற்பட்ட அறிஞர் பலர். செருமானிய அறிஞர் மாக்ஸ் ரூப்னர் 1883ஆம் ஆண்டில், ஏறத்தாழ 3 கிலோகிராம் முதல் 30 கிலோகிராம் வரை எடையுள்ள நாய்களை ஆராய்ந்தார். ஒரு கிலோகிராம் எடைக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டபோது, மிகச் சிறிய நாய் மிகப் பெரிய நாயினும் இரு மடங்கிற்கு மேற்பட்ட வெப்பத்தை வெளியிடக் கண்டார். பின்னர், சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய மாக்ஸ் கிளைபர் என்பார், 1932ஆம் ஆண்டில், புறா, எலி முதல் மனிதன், மாடு ஈறாகப் பல உயிர்களின் அளவைகளை ஒப்பிட்டு ஒரு விதியைக் கண்டார். எடை 10,000 மடங்கு மிகுந்தால், உயிர்வாழத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1,000 மடங்கே மிகும் என்பது அவ்விதியின் பயன்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். எலி ஒன்றின் எடை 30 கிராம். மாடு ஒன்றின் எடை 300 கிலோகிராம் எனக் கொள்க. ஒரு மாட்டின் எடைக்கு 10,000 எலிகள் வேண்டும். ஆனால், மாட்டின் ஆற்றல் தேவை 1,000 எலிகளின் தேவைக்கே ஈடாகும். ஆகவே, தராசில் ஒரு மாட்டிற்குச் சமமாக நிற்கும் எலிக்கூட்டம், பத்து மாடுகளுக்கு உரிய ஆற்றலைச் செலவிடும்! நெற்களஞ்சியத்தில் எலி புகுந்தால் உழவன் அஞ்சுவது ஏன் என்பதற்கு இக்கணக்கும் ஒரு விடை கூறுகின்றது. இவ்விதிக்குக் காரணம் யாது, எல்லா உயிர்க்கும் இஃது ஒன்றுபோல் பொருந்துமா என்பன பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், பெரிய உடல் எடையை நோக்கச் சிக்கனமானது என்பதில் ஐயமில்லை.

உணவு விரைந்து எரியும் உடலில் குருதியும் விரைந்து ஓட வேண்டும் அன்றோ? யானையின் நெஞ்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 முறை துடிக்கின்றது. மனிதனின் நெஞ்சு 70 முறை. சுண்டெலியின் நெஞ்சு 600 முறை. முன்னர்க் கூறிய 2 கிராம் மூஞ்சூற்றின் நெஞ்சு 1,000 முறைக்கு மேலும் துடிப்பதுண்டு. நீலத் திமிங்கிலம் ஒன்றின் நெஞ்சுத் துடிப்பைக் கலிபோர்னியக் கடற்பகுதியில் அளந்த அறிஞர்கள், அது நீருள் மூழ்கியிருக்கும்போது நிமிடத்திற்கு இரண்டே முறை துடிக்கும் அளவிற்குத் தாழ்ந்ததை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இங்கு ஒரு வியத்தகு செய்தி உண்டு. அதனை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நிமிடத்திற்கு 30 முறை துடிக்கும் யானையின் நெஞ்சு 60 ஆண்டுகளில் ஏறத்தாழ 95 கோடி முறை துடிக்கும். நிமிடத்திற்கு 600 முறை துடிக்கும் சுண்டெலியின் நெஞ்சு அதன் மூன்றாண்டு வாழ்நாளிலும் அதே 95 கோடி முறை துடிக்கும். ஆண்டுகளால் அளந்தால் யானை நீண்ட வாழ்வினது. துடிப்பால் அளந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒத்த வாழ்வினவே. மனிதன் மட்டும் இக்கணக்கிற்கு அடங்காதவன். எழுபதாண்டு வாழ்வோனின் நெஞ்சு 250 கோடி முறைக்கு மேல் துடிக்கின்றது.

மூச்சுவிடும் முறையும் உருவின் அளவிற்கு ஏற்பவே அமைந்துள்ளது. மண்புழுவிற்கு நுரையீரல் இல்லை. மெல்லிய அதன் உடலுக்கு ஈரமான தோலே போதும். மனிதனுக்கு அது போதாது. வளர்ந்த ஒருவரின் தோற்பரப்பு இரண்டு சதுர மீட்டரினும் குறைவு. ஆதலின், இயற்கை நம் மார்பினுள்ளே பல கோடி நுண்ணிய காற்றறைகளை அமைத்து, காற்றும் குருதியும் கலந்துறவாடும் பரப்பை ஏறத்தாழ 70 சதுர மீட்டராகப் பெருக்கியுள்ளது. பெரியதொரு வகுப்பறையின் தரைப்பரப்பை மடித்துச் சுருட்டி நெஞ்சினுள் வைத்தாற்போன்ற அமைப்பு இது. பூச்சிகளோ, உடலெங்கும் பரவிய நுண்குழல்களின் வழியே காற்றை நேரே உள்ளுறுப்புகளுக்குக் கொண்டுசெல்கின்றன. சிற்றுடலுக்கு இம்முறை சிறந்தது. உடல் பெருத்தால் காற்று உள்ளே சென்று சேர்வது அரிது. பூச்சிகள் யானையளவு வளராமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

இதுகாறும் கூறியவற்றால், பெரிய உயிர் சிறிய உயிரின் வெறும் பெருக்கம் அன்று என்பது பெறப்படும். இவ்வுண்மையை மறந்து எளிய பெருக்கல் கணக்கை நம்பினால் நேரும் தீமைக்கு ஒரு வரலாறு சான்றாக நிற்கின்றது.

1962ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், அமெரிக்க நாட்டின் ஓக்லகோமா நகர விலங்குக் காட்சிச்சாலையில் டஸ்கோ என்னும் ஆண்யானை ஒன்று இருந்தது. ஆண்யானைக்கு மதம் பிடிப்பதன் காரணத்தை அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர் சிலர், மனத்தைத் திரிக்கும் மருந்தொன்றை ஊசி வழியே அதன் உடலில் செலுத்தினர். பூனை முதலிய சிறு விலங்குகளுக்குக் கொடுத்த அளவை எடைக்கு எடை பெருக்கி, 297 மில்லிகிராம் என அளவு வகுத்தனர். ஐந்து நிமிடத்திற்குள் யானை நிலைகுலைந்து வீழ்ந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்திற்குள் உயிர் நீத்தது. வீழ்ந்த பின்னர் வேறு மருந்துகளும் அதற்குச் செலுத்தப்பட்டமையால், முதல் மருந்து ஒன்றே சாவிற்குக் காரணம் என அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், கணக்கின் பிழை வெளிப்படை. 3 கிலோகிராம் பூனையினும் 3,000 கிலோகிராம் யானை எடையால் ஆயிரம் மடங்கு பெரியது. ஆனால், கிளைபரின் விதிப்படி அதன் உடல் ஆற்றலைச் செலவிடும் வீதமோ 180 மடங்கிற்கும் குறைவே. அவ்வீதத்தை ஒட்டி மருந்தை அளந்திருப்பின், கொடுத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கும் தேவைப்பட்டிராது. பெருக்கலில் பிழையில்லை, எதனைப் பெருக்குவது என்பதிலேயே பிழை. அதனால் வாய்பேசாத ஓர் உயிர் மாண்டது.

மக்கள் வாழ்விலும் இப்பாடம் இன்றியமையாதது. குழந்தை என்பது சுருங்கிய பெரியவர் அன்று. சில மருந்துகளைக் குழந்தையின் உடல், எடையை நோக்கப் பெரியவரினும் விரைவாகக் கழித்துவிடும். பச்சிளங் குழவியின் ஈரலும் சிறுநீரகமும் முதிராமையால், வேறு சில மருந்துகள் அதன் உடலில் நெடுநேரம் தங்கிவிடும். ஆகவே, பெரியவருக்குரிய மாத்திரையை நாமே பாதியாகவும் காலாகவும் முறித்துக் குழந்தைக்குக் கொடுத்தல் தவறு. அளவை மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு நேரும் மற்றோர் இடர், குளிர். 60 கிலோகிராம் எடையுள்ள தாயின் தோற்பரப்பு ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர். 3 கிலோகிராம் குழந்தையின் தோற்பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். எடையில் தாய் இருபது மடங்கு. பரப்பில் எட்டரை மடங்கே. எனவே, ஒரு கிலோகிராம் எடைக்குக் குழந்தை தாயினும் இரு மடங்கிற்கு மேற்பட்ட பரப்பின் வழியே வெப்பத்தை இழக்கின்றது. குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்கு இவ்விழப்பு இன்னும் மிகுதி. நாம் வெயிலெனக் கருதும் நாளிலும் ஈர உடலோடு கிடத்திய குழவி குளிரால் வாடக்கூடும்.

இதற்கு ஓர் எளிய மருந்து, தாயின் மார்பே. 1978ஆம் ஆண்டில், கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரே என்னும் மருத்துவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலும் தோலும் பொருந்த அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். குட்டியைப் பையில் சுமக்கும் கங்காருவின் பெயரால் அம்முறை வழங்குகின்றது. இந்தியா, கானா, மலாவி, நைசீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோகிராம் முதல் 1.8 கிலோகிராமிற்குட்பட்ட எடையுடன் பிறந்த குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உடல்நிலை சீரடைந்த பின்னரே தாயிடம் சேர்க்கப்பட்ட குழந்தைகளுள் 28 நாட்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்தன. பிறந்தவுடனேயே அணைப்பைப் பெற்றவற்றுள் இறந்தவை நூற்றுக்கு 12. குழந்தை தாயின் மார்பில் ஒட்டிக் கிடக்கும்போது, அதன் தோலின் ஒரு பகுதி காற்றுக்கு மறைகின்றது. தாயின் உடல் வெப்பம் அதற்குத் துணையாகின்றது. பாலும் தாயின் காப்பும் உடன் கிடைக்கின்றன. சிற்றுடல் தாயின் பேருடலோடு சேர்ந்து தானும் பெரிதாகின்றது என்று கூறினும் பொருந்தும்.

"விரலுக்குத் தக்க வீக்கம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒவ்வோர் உயிரும் தன் உருவின் அளவிற்கு ஏற்ற எலும்பையும், மூச்சையும், பசியையும், துடிப்பையும் பெற்றுள்ளது. யானை பெரிதாதலின் உயர்ந்ததும் அன்று. மூஞ்சூறு சிறிதாதலின் தாழ்ந்ததும் அன்று. ஒன்றின் அளவைக் கொண்டு மற்றொன்றை அளப்பதே பிழை. இனி நீங்கள் பிள்ளையார் திருமுன் நிற்கும்போது, அம்மூஞ்சூற்றையும் ஒருமுறை உற்று நோக்குங்கள். யானையின் நெஞ்சு ஒருமுறை துடிக்கும் அளவில், அவ்வினத்துச் சிற்றுயிரின் நெஞ்சு முப்பது முறைக்கு மேல் துடித்துவிடும். எனினும், இரண்டும் தத்தம் அளவிற்கு ஏற்ப நிறைவாகவே வாழ்கின்றன.